தூசி மிஷினுக்கு மெருகேற்றிய பத்தொன்பது நாள்

முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். பதினெட்டு மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிய காலத்தில் ஒரு நாள்கூடக் கால் வழுக்கியதில்லை. ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், சமையலறை ஸ்டூலிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பரண்மேல் இருந்த பழைய வாக்குவம் கிளீனர் ஒன்றை இறக்கப் போனபோது நடந்தது அது. கிளீனருக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவியிடம், தரையில் மல்லாந்து கிடந்தபடி அவர் முதலில் சொன்னதே அந்தத் தகவலைத்தான்.

மனைவியை எல்லோரும் லென்ஸக்கா என்பார்கள். ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து மெருகேற்றுகிறவள். கடைக்காரர்கள் வைத்த பேர் வாடிக்கையாளர்களுக்குப் பரவி, தெருவுக்கு வந்து, கடைசியில் கணவருடைய போனிலும் அந்தப் பேரிலேயே ஏறிவிட்டது. இப்போதும் வாரத்தில் நாலு நாள், சனிக்கிழமை உள்பட, காலையில் கடைக்குப் போய் மதியம் திரும்புவாள்.

வீட்டில் இருபத்து மூன்று வாக்குவம் கிளீனர்கள் இருந்தன. ஹாலில் ஒன்பது, படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் ஆறு, மீதி பரணில். எல்லாம் அறுபது, எழுபது வருஷத்துப் பழசு. வயிறு பெருத்தவை, கழுத்து நீண்டவை, சக்கரம் வைத்த வெடிகுண்டு மாதிரி படுத்துக் கிடப்பவை. ஓய்வு பெற்றதும் தோட்டம் போடுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் இதில் இறங்கினார். பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்து வருவார், மோட்டாரைப் பிரித்து மாட்டுவார், உலோகப் பாகங்களை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பார், பிறகு வரிசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்று பார்ப்பார். ஒன்றைக்கூட வீட்டைச் சுத்தம் செய்ய எடுக்க விடமாட்டார். கீறல் விழுமாம். ஆகவே இருபத்து மூன்று வாக்குவம் கிளீனர்கள் உள்ள அந்த வீட்டை லென்ஸக்கா தினமும் துடைப்பத்தால் பெருக்கினாள். அவற்றைச் சுற்றித்தான் பெருக்கவேண்டியிருந்தது.

மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்துவந்த அன்று, சாப்பாட்டு மேஜைமேல் இருபத்து நாலாவது கிடந்தது. உருளை உடம்பு ஒரு பக்கம், முன்மூடி ஒரு பக்கம், பின்மூடி, கைப்பிடி, மூன்று சக்கரம், திருகாணிகள் போட்ட ஒரு கிண்ணம். வார்ப்பு அலுமினியம். பழைய பெயிண்டை மருந்து போட்டு உரித்து முடித்திருந்தார். உரித்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில், வியாதியிலிருந்து எழுந்த ஆள் மாதிரி வெளிறிப்போயிருந்தது. முன்மூடியில் பாதிக்கு மட்டும் முதல் தேய்ப்பு ஆகியிருந்தது.

இது அவருடையது இல்லை, ஒரு பார்ட்டியுடையது என்றார். மோட்டார் கரகரவென்று கத்துகிறது என்று கொடுத்திருக்கிறார்கள், தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றிச் சரிசெய்தாகிவிட்டது, மெருகு மட்டும்தான் பாக்கி, மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பத்தொன்பது நாள் இருந்தது. மாவுக்கட்டுப் பிரிக்க ஆறு வாரம்.

கை உடைந்துவிட்டது என்று பார்ட்டிக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டியதுதானே என்று அவள் கேட்டாள். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். பார்ட்டி யார் என்று கேட்டாள். "ஒரு அம்மா" என்றார். அதற்குமேல் அந்த வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை.

இரண்டு நாள் இடதுகையால் தேய்த்துப் பார்த்தார். நாலு தேய்ப்புக்கு ஒரு பெருமூச்சு. வீடு முழுக்கக் கேட்கும் பெருமூச்சு, யாராவது வந்து என்னவென்று கேட்கட்டும் என்று விடுகிற வகை. லென்ஸக்கா அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். மூன்றாம் நாள் காலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கினாள். அன்பினால் என்று சொல்ல முடியாது. தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவது அவளுக்கு அலுத்துவிட்டது. மேஜை திரும்பக் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வழிமுறை சொல்லத் தொடங்கினார். முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நானூறு, அப்புறம் எண்ணூறு, அப்புறம் ஆயிரத்து இருநூறு, தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கவேண்டும். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் திசையை மாற்றவேண்டும், இல்லையென்றால் பழைய கீறல் போய்விட்டதா என்று தெரியாது. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு முன்மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அவர் தேய்த்து முடித்திருந்த பாதிமேல் ஒரு தடவை ஊதினாள். மூச்சின் ஆவி படிந்ததும் அதுவரை கண்ணில் படாத கீறல்களெல்லாம் தலைமுடி மாதிரி எழுந்து நின்றன.

"இதையும் முதல்லேர்ந்து போடணும்" என்றாள்.

கண்ணாடியில் ஒரு கீறல் தப்பினால் வாடிக்கையாளர் மறுநாளே திரும்பி வந்து நிற்பார். முப்பது வருஷம் அப்படி நின்றவர்களின் முகங்களைப் பார்த்துப் பழகிய கண் அது. அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அதிலிருந்து அவள் கடைவிட்டு வந்ததும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்வாள். அலுமினியம் தேய்க்கத் தேய்க்கக் கறுப்புச் சேறு விடும். நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டு சோப்புக்கும் அசையாது. கடையில் ஒரு வாடிக்கையாளர் அவள் விரல்களைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணாடியை வேறு ஆளிடம் கொடுத்தார். அவள் கையுறை வாங்கினாள். கையுறை போட்டால் விரலுக்கு மேடு பள்ளம் தெரியவில்லை. கழற்றிவிட்டாள்.

அவருடைய மேற்பார்வை மட்டும் ஓயவில்லை. ஓரத்தை விட்டுவிட்டாய், அழுத்தாதே, மெருகு மிஷினின் துணிச்சக்கரத்தை ஒரே இடத்தில் நிறுத்தாதே, சூடேறிவிடும். ஒரு நாள் அவள் மிஷினை நிறுத்திவிட்டு, நீங்கள் லிஃப்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தபோது நான் என்றைக்காவது மேலேயிருந்து எட்டிப் பார்த்துப் பேசினேனா என்று சாதாரணமாகக் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு இல்லை என்றார். அன்றிலிருந்து செய்தித்தாளை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தால் பார்த்தார்.

பதினோராம் நாள் உருளையின் அடிப்பக்கத்துக்கு வந்தாள். சக்கரம் மாட்டுகிற திருகாணித் துளை ஒன்றுக்குள் மருந்து எட்டாமல் கொஞ்சம் பெயிண்ட் தங்கியிருந்தது. ஊசியால் கிளறி எடுத்தாள். விரல் நுனியில் ஒரு பொடி. கரும்பச்சை, உள்ளே வெள்ளிப் புள்ளிகள்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முன்மூடியை எடுத்து இடது ஓரத்தைத் திருப்பினாள். அங்கே வார்ப்பில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. அரை நகம் அளவு, பிறை மாதிரி. பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டி, வெள்ளையாக, கெட்டியாக. நாலு நாளாக அந்த ஓரத்தைத் தேய்த்திருக்கிறாள், அது பட்டி என்றுதான் நினைத்தாளே தவிர யார் வைத்த பட்டி என்று நினைக்கவில்லை.

வைத்தது அவள் அம்மா.

அவளுக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. அந்தப் பச்சை மிஷினை வீட்டில் தூசி மிஷின் என்பார்கள். அதன்மேல் தங்கை குதிரை மாதிரி உட்கார, இவள் மாடிப்படித் திருப்பத்திலிருந்து தள்ளிவிட்டாள். நாலு படி. மிஷினின் மூக்கு நிலைப்படியில் மோதி ஒரு சில்லு போனது, தங்கையின் முன்பல்லில் ஒரு சில்லு போனது. அம்மா இரண்டு பேரையும் ஒரு மூலையில் நிற்க வைத்துவிட்டு, மிஷினுக்குப் பட்டி வைத்து, கிடைத்த பச்சையை அடித்துக் காயவைத்தாள். அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பல்லுக்கு மட்டும் பதில் சொல்லவேண்டியிருந்தது. கீழே விழுந்தாள் என்று சொன்னார்கள். அதுவும் உண்மைதான்.

அந்தத் தங்கையோடு லென்ஸக்கா பேசிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

அம்மா இறந்து பத்து நாளில் வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்து சாமான்களைப் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. லென்ஸக்கா பத்துக்குப் போனாள். தங்கை எட்டுக்கே வந்து போயிருந்தாள். பீரோ இருந்தது, கட்டில் இருந்தது, பாத்திரம் பண்டம் எல்லாம் இருந்தது. தூசி மிஷின் மட்டும் இல்லை. அங்கேயே நின்று போன் பண்ணினாள். மற்றதையெல்லாம் நீயே வைத்துக்கொள் என்று தங்கை சொன்னாள். பேச்சு அங்கே நின்றிருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும். லென்ஸக்கா இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள்: உன் வீட்டில் துடைப்பத்துக்கே வேலை கிடையாது, உனக்கு எதற்கு மிஷின். எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. அதோடு சரி. சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்கு அக்காவைப் பதினோரு மணிக்கும் தங்கையை இரண்டு மணிக்கும் வரச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். சில குழந்தைகளுக்கு இரண்டு பேரும் அக்கா தங்கை என்பதே தெரியாது.

அன்று அவள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வீட்டை இன்னொரு முறை பெருக்கினாள். கணவர் செய்தித்தாளின் ஓரத்தால் பார்த்தார். பெருக்கி முடித்து, குப்பையைக் கொட்டி, கைகால் கழுவி வந்து மறுபடி உட்கார்ந்தாள். பாதியில் விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது உண்மை. ஆனால் பாதி மெருகு என்பது அவள் கையிலிருந்து வெளியே போனதே கிடையாது. அதோடு இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது. வரட்டும். வந்து பார்க்கட்டும். பார்த்துவிட்டு, இதுபோல ஒன்றை பதினேழு வருஷமாகப் பச்சைப் பெயிண்டுக்குள்ளே வைத்திருந்தோமே என்று வயிறெரியட்டும்.

பட்டியை ஊசியால் நோண்டி எடுத்துப் பிறையை வெறுமையாக விட்டாள். அதன் விளிம்பை மட்டும் விரல் வெட்டாதபடி வழித்தாள். அந்த ஏழு நாளும் அவள் வேலை செய்த மாதிரி முப்பது வருஷத்தில் செய்ததில்லை. ஆயிரத்து இருநூறு தாளுக்குப் பிறகு கடையிலிருந்து இரண்டாயிரம் கொண்டுவந்தாள். பழுப்பு மெருகுக்கட்டி, பிறகு வெள்ளைக்கட்டி, பிறகு லென்ஸுக்கு வைக்கிற கம்பளித் துண்டு. ஊதிப் பார்ப்பாள், தேய்ப்பாள், ஊதிப் பார்ப்பாள். கோபம் கைக்கு நல்ல சீரான அழுத்தம் கொடுக்கிறது என்று கண்டுகொண்டாள். உருளையில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னல் கம்பி தெரிந்தது, கடைசியில் கம்பியில் உட்கார்ந்த ஈ தெரிந்தது.

பதினெட்டாம் நாள் சாயந்திரம் மிஷினை முழுசாக மாட்டி மேஜை நடுவில் வைத்தார்கள். கணவர் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். தன்னுடைய இருபத்து மூன்றையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவற்றின் சார்பில் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

"நாளைக்கு வர்ற பார்ட்டி, டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கிற அம்மாதானே?" என்று லென்ஸக்கா கேட்டாள்.

தங்கை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள்.

அவர் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"ஏழு நாளாச்சு."

"ஏழு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க எத்தனை நாளா சொல்லல?"

நாலு மாசம் என்று ஒப்புக்கொண்டார். மிஷின் சத்தம் போடுகிறது, ஊரில் வேறு யாருக்கும் பிரிக்கத் தெரியவில்லை, அத்தான் பழசு ரிப்பேர் பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள் என்று தங்கையே போன் பண்ணினாளாம். அக்கா கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம். பச்சையை உரிக்கிறவரை அவர் அதைப் பரணிலேயே வைத்திருந்தாராம். நாளைக்கும் அதே ஏற்பாடுதான்.

லென்ஸக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் இவ்வளவு பெரிய காரியத்தில் இறங்கியிருக்கிறாரே என்று நினைத்தாள். நாற்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒன்றை அவரிடம் அவள் எதிர்பார்த்ததில்லை.

"எங்களைச் சேர்த்து வைக்கலாம்னுதானே செஞ்சீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "இல்ல" என்றார். "அந்த மாடல் என்கிட்ட இல்ல."

மறுநாள் சனிக்கிழமை. லென்ஸக்கா கடைக்கு லீவு சொன்னாள். பத்து மணிக்கு வாசலில் கார் சத்தம். தலைமேல் பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் கார், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் இருந்த இடுக்கில் ஒரே திருப்பில் நுழைந்து நின்றது. இறங்கி வந்த தங்கை மணியை அடித்தாள். அக்கா கதவைத் திறந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கைக்கு முடி பாதி நரைத்திருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து. அக்கா தன் கறுத்த நகங்களைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அத்தான் இருக்காரா?" என்றாள் தங்கை.

"கை உடைஞ்சு உக்காந்திருக்கார். உள்ள வா."

பதினேழு வருஷத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். உள்ளே வந்தாள். மேஜைமேல் வெயில் விழுந்து மிஷின் கண்ணைக் கூசவைத்தது. அதைத் தாண்டி அவள் அறையெல்லாம் தேடினாள்.

"என்னோடது எங்க?"

"அதுதான்" என்றார் அத்தான்.

"என்னோடது பச்சை."

அவர் விளக்கினார். பெயிண்ட் அங்கங்கே பெயர்ந்திருந்தது, பெயர்ந்த இடத்தில் உலோகம் தெரிந்தது, உலோகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தங்கை கேட்டுக்கொண்டே கிட்டே வந்தாள். "சத்தத்தை நிறுத்துங்கன்னுதான் குடுத்தேன், தோலை உரிங்கன்னு குடுக்கல" என்றாள். குனிந்தாள். முன்மூடியில் அவள் முகம் அகலமாக, மூக்கு பெருத்துத் தெரிந்தது. ஒரு விரலை நீட்டி அதைத் தொட்டாள். ரேகை படிந்தது.

அக்கா தோளில் கிடந்த துணியை எடுத்து அதைத் துடைத்தாள்.

தங்கை திரும்பிப் பார்த்தாள். மறுபடி அதே இடத்தில் விரலை வைத்தாள். அக்கா துடைத்தாள். மூன்றாவது தடவை உள்ளங்கையை முழுசாக வைத்தாள்.

"பத்தொன்பது நாள் தேய்ச்சிருக்கேன்" என்றாள் அக்கா. அவர் வீணாக்கிய இரண்டு நாளையும் இன்றைய நாளையும் அதில் சேர்த்துக்கொண்டாள்.

"நீயா?"

"பின்னே அவரா? கையைப் பாரு."

தங்கை கையை எடுத்தாள். மிஷினைப் பார்த்தபடியே, தான் அன்றைக்கு எட்டு மணிக்கு வந்தது திருட அல்ல என்றாள். பத்தரைக்கு ஒரு வகுப்பு இருந்தது, அதனால் முன்கூட்டி வந்தாள். எடுத்ததும் ஒன்றே ஒன்று. அது அம்மா தனக்கென்று சொல்லி வைத்தது. புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போவாள் அல்லவா, அப்போதெல்லாம் அம்மா சொல்வாள்.

"என்ன சொல்லுவா?" என்று அக்கா கேட்டாள்.

"தூசி மிஷின் உனக்குத்தான், பெரியவகிட்ட சொல்லாதேன்னு சொல்லுவா."

அக்கா துணியை மடித்தாள். பிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போய் அம்மாவுக்கு ஒரு வாரத்து மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போடுவாள். போட்டு முடிக்கிறபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். தூசி மிஷின் உனக்குத்தான், சின்னவகிட்ட சொல்லாதே. அவள் சொல்லவில்லை. பதினேழு வருஷமாக அந்த வாக்கியத்தை அம்மா தனக்கு மட்டும் கொடுத்த முத்தம் மாதிரி வைத்திருந்தாள்.

அதை இப்போது சொன்னாள். தங்கை ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் சொன்னாங்க" என்றார் அத்தான்.

இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். ஒரு தடவை குழாய் ரிப்பேருக்குப் போயிருந்தாராம். குழாயைச் சரிபண்ணி எழுந்தபோது, தூசி மிஷின் உங்களுக்குத்தான் மாப்பிள்ளை, பொண்ணுங்ககிட்ட சொல்லாதீங்க என்றாளாம் மாமியார். அப்புறம் ஃபேன் ரிப்பேர், பூட்டு ரிப்பேர், மாடிக் குழாய் அடைப்பு. ஒவ்வொரு தடவையும் சொன்னாளாம்.

"நீங்க ஏன் சொல்லவே இல்ல?" என்றாள் மனைவி.

"சொல்லாதீங்கன்னாங்களே."

தங்கைக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சிரிப்பு சத்தமில்லாமல் தோளில்தான் வரும், தெரியாதவர்கள் அழுகிறாள் என்று நினைப்பார்கள். அக்காவுக்குத் தெரியும். இருந்தும் ஒரு நிமிஷம் அவளாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கிட்டே போய் நின்றாள். அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மாத்திரைக்கு ஒரு ஆள், காருக்கு ஒரு ஆள், குழாய்க்கு ஒரு ஆள். ஒரே ஒரு மிஷினை வைத்துக்கொண்டு மூன்று பேரைக் கட்டி மேய்த்திருக்கிறாள். அதுவும் கடைசி ஆறு வருஷம் அம்மா அந்த மிஷினை ஓட்டினதே இல்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அத்தான் நினைத்தார். அப்போது தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, பச்சை பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் என்றாள்.

லென்ஸக்கா காதில் விழாதவள் மாதிரி நின்றாள். தங்கை மறுபடி சொன்னாள். இது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இது அம்மாவுடைய மிஷின் இல்லை, அம்மாவுடையது பச்சை, எனக்கு அது வேண்டும். இதன்மேல் பெயிண்ட் அடிக்க என் பிணத்தைத் தாண்டித்தான் போகவேண்டும் என்றாள் அக்கா. என் சாமானுக்கு நீ யார் நிறம் சொல்ல என்றாள் தங்கை. யார் சாமான் என்பதே இன்னும் முடிவாகவில்லையே என்றாள் அக்கா. அங்கிருந்து சண்டை பிடித்துக்கொண்டது. துடைப்பம் வந்தது, பீரோ வந்தது, எந்த வருஷம் யாருக்கு உடம்பு சரியில்லாதபோது யார் பார்க்க வரவில்லை என்பது வந்தது. பதினேழு வருஷமாகப் பேசாமல் போட்ட சண்டையை இப்போது பேசிப் போட்டார்கள். ஒன்றரை மணிக்கு அத்தான் இடதுகையால் தட்டுகளை எடுத்து வைத்து, சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்றார். மேஜையில் மிஷின் இருந்ததால் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு தங்கை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, எதையும் தொடாமல், மிஷினை ஒரு சுற்று சுற்றினாள். இடது ஓரத்தில் நின்றாள்.

"இங்க பட்டி இருந்துச்சு."

"எடுத்துட்டேன்."

பிறையைக் குனிந்து பார்த்தாள். பார்க்கிறபோது அவள் நாக்கு தானாக முன்பல்லின் உடைந்த மூலையைப் போய்த் தடவியது. அவளுக்கே அது தெரியவில்லை.

"நீதான் தள்ளினே" என்றாள்.

"தள்ளுன்னு நீதான் சொன்னே."

"ஆறு வயசு எனக்கு."

பெயிண்ட் அடிப்பதென்றால் அந்த ஓட்டையைத் திரும்பப் பட்டி வைத்து மூடித்தான் அடிக்கவேண்டும் என்றாள் அக்கா. தங்கை இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

ஆனால் இப்படியே இருக்காது என்று அக்கா விளக்கினாள். பெயிண்ட் இல்லாத அலுமினியம் காற்றுப் பட்டால் மங்கும், கை பட்டால் கறுக்கும், மாதத்துக்கு ஒரு தடவையாவது தேய்த்துத் துடைக்கவேண்டும். தனக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை என்றாள் தங்கை, காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. உனக்கு நேரம் இருந்தாலும் தேய்க்கத் தெரியாது என்றாள் அக்கா. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து தேய்த்துவிட்டுப் போகிறேன், நீ ஒன்றும் செய்யவேண்டாம், கதவைத் திறந்தால் போதும்.

கார்களுக்குப் போடுகிற மெழுகை ஒரு பூச்சுப் பூசிவிட்டால் ஒரு வருஷத்துக்குத் தேய்க்கவே வேண்டாம். இது அத்தானுக்குத் தெரியும். லென்ஸக்காவுக்கும் தெரியும், மெழுகு டப்பா அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு மிஷினை ஒரு போர்வையில் சுற்றினார்கள். பின்சீட்டில் வைத்தால் உருளும், டிக்கியில் வைத்தால் உரசும். கடைசியில் அக்கா முன்னால் ஏறி மடியில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அத்தான் வாசலில் நின்று, போகிற மிஷினைப் பார்த்தார். அவருக்கு அது கிடைக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை தானும் கூட வரலாமா என்று கேட்டார். தாராளமாக வாங்க, எங்க வீட்டிலும் குழாய் ஒழுகுகிறது என்றாள் தங்கை.

அது ஓட்டப் பழக்குகிற கார் என்பதால் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். லென்ஸக்காவுக்கு அது தெரியாது. தெருமுனையில் வண்டி திரும்பியபோது மடியில் மிஷின் சரிய, அவள் காலை ஊன்றினாள். கார் நடுத்தெருவில் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். தங்கை மறுபடி கிளப்பினாள். அடுத்த திருப்பத்தில் மறுபடி நின்றது. அதற்குள் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனாலும் காலை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

பன்னிரண்டு நிமிஷத்தில் போகவேண்டிய வீட்டுக்கு அவர்கள் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.